கண்ணாடிக்கு வைத்த பொட்டு

நாஞ்சாரம்மா லைவைத் தொடங்குவதற்கு முன்பே ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோனை முக்காலியில் மாட்டி, வட்ட விளக்கை முகத்துக்கு நேரே திருப்பி, நெற்றி வியர்வையை முந்தானையில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். திரையின் மேல் மூலையில் சின்னதாக ஒரு கண். அதன் பக்கத்தில் ஒன்று என்ற எண், பார்க்கிறவர்களின் கணக்கு. சிவப்புப் பொத்தானை அவள் இன்னும் தொடவில்லை. தொட்டால்தான் ஆட்கள் வருவார்கள் என்று மகள் லாஸ்யா சொல்லிக்கொடுத்திருந்தாள். திறக்காத கடைக்குள் வந்து உட்கார்ந்திருப்பது யார்?

பழைய ஃபோன், ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"வாங்கக்கா, வாங்க! எல்லாரும் சாப்டாச்சா? லாஸ்யா சாரீஸுக்கு வாங்க. இன்னிக்கு மங்களகிரி காட்டன் வந்திருக்கு, பார்டரைப் பாருங்க, கை வச்சா வெண்ணெய்."

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெண்கள் தரையில் ஒருக்களித்துப் படுத்து ஃபோனைத் தூக்கிப் பிடிக்கிற பின்மதியம்தான் இந்த வியாபாரத்துக்கு உயிர்நேரம். குண்டூரில் அவள் குடியிருந்த சந்துக்குச் சுற்றிலும் மிளகாய்க் குளிர்கிடங்குகள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நெடி. அங்கே பிறக்கிற பிள்ளை அழுவதற்கு முன்னால் தும்மும் என்பார்கள். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, மின்விசிறி சத்தம் கேட்கக்கூடாதென்று அதையும் நிறுத்திவிட்டு, அந்த வேக்காட்டில் அவள் வாய் ஓயாமல் பேசினாள். இருமல் முட்டிக்கொண்டு வந்தால் ஒரு புடவையை உதறிக் கேமராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்து, அதன் பின்னால் இருமிக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு முந்தானைப் பூ மட்டும் அசையும்.

வருகிறவர்களைப் பேர் சொல்லி வரவேற்கவேண்டும். அதுதான் தொழில். பேரைக் கேட்டுவிட்டால் ஒருத்தி எழுந்து போகமாட்டாள். ஆனால் படிக்கப் பேர் வேண்டுமே. நாத்தனார் ஒருத்தி வந்து ஒரு இதயம் போட்டுவிட்டுப் போனாள். வதினா, அதாவது அண்ணி, என்று அவள் கூப்பிடுகிற அடுத்த வீட்டு ஆதெம்மா தினமும் பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஃபோனிலிருந்து நாஞ்சாரம்மாவின் குரலே அரை மூச்சு பிந்தி அவளுக்குத் திரும்பக் கேட்கும். இன்றைக்கும் கேட்டது. அப்புறம் அந்த ஒருத்தி. சீத்தம்மா என்று போட்டிருந்தது.

"சீத்தம்மா அக்கா, வாங்கக்கா! எந்த ஊரு நீங்க?"

பேருக்குப் பக்கத்தில் மிளகாய் விதையளவு படம். ஸ்டுடியோவில் எடுத்த முகம், இமைக்காத பார்வை, நெற்றியில் சிவப்பாகப் பொட்டு.

கடைசிவரை ஒரு புடவையும் போகவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அவள் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்கிற நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஆதெம்மா உள்ளே வந்தாள். தலையில் முண்டாசு, கையில் சோற்றுத் தூக்கு, விரல் நுனியெல்லாம் மிளகாய்ச் சிவப்பு. வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"இப்பதான் வர்றியா வதினா?"

"பின்னே? அரை நாள் லீவு கொடுத்து அனுப்ப மேஸ்திரி என்ன என் மாமனா?"

"வீட்ல யாரு இருக்கா?"

"பூட்டு இருக்கு. ஏன்?"

நாஞ்சாரம்மா சுவரைப் பார்த்தாள். பிறகு ஒன்றுமில்லை என்றாள்.

ஆதெம்மா புடவை மூட்டையைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். "இன்னிக்காவது ஒண்ணு போச்சா? போகாது. சந்து முனையில சுஜனா இருக்காளே, அவ பக்கத்தைத் திறந்தா லட்சக்கணக்குல கூட்டம். உன் பக்கத்தைத் திறந்தா மாமியார் போன வீடு மாதிரி இருக்கு. ஆள் இல்லாத கடையில ஈ கூட உக்காராதுடி."

"ஈயாவது வரட்டும்னுதான் கத்தறேன்."

ஆதெம்மா சிரிக்கவில்லை. உள் அறையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "மேஸ்திரி கேட்டாரு. திங்கக்கிழமையிலிருந்து காம்பு கிள்ள ஒரு ஆள் குறையுதாம். உன்னைக் கேக்கலை. உன் இருமல் அவருக்குத் தெரியும். பொண்ணை அனுப்பச் சொல்றாரு. சின்ன விரலு, வேகமா ஓடுமாம்."

பத்து வயதில் அந்த மிளகாய்க் குவியல் முன்னால் உட்கார்ந்தவள் நாஞ்சாரம்மா. மிளகாயின் காம்பைக் கிள்ளிக் கிள்ளி நகக்கண் வெந்து, இரவில் கையை ஈரமண்ணில் புதைத்துக்கொண்டு தூங்கியவள். புருஷன் ஆஞ்சநேயுலு மூட்டை தூக்கியவன். அடுக்கின் உச்சியிலிருந்து மூட்டையோடு விழுந்து முதுகு போய், இப்போது உள் அறைக் கட்டிலில் கிடக்கிறான். குவியலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் இடம் பிடித்து வைக்கிற ரமணம்மா, போன கோடையில் இருமி இருமியே செத்தாள். கடைசியில் அவள் நுரையீரலில் காற்றுக்கு இடமில்லை என்றார்கள். நாஞ்சாரம்மாவையும் டாக்டர் அதே கண்ணால்தான் பார்த்தார். அதன் பிறகுதான் காதில் கிடந்ததைக் கழற்றி இந்தப் புடவைகளை வாங்கினாள். மகள் காலேஜில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இது ஓடினால் லாஸ்யா படிப்பாள். ஓடாவிட்டால் திங்கட்கிழமை அவள் விரல் சிவக்கும்.

"ஒரு வாரம் பொறுக்கச் சொல்லு வதினா."

"மிளகா பொறுக்குமா?" என்று எழுந்தாள் ஆதெம்மா.

மறுநாள் வியாழக்கிழமை. விடிந்தால் வரலட்சுமி விரத வெள்ளி. அந்த சிராவண மாதத்தில் தெலுங்கு தேசத்தில் ஒரு பெண்ணும் வீட்டில் சும்மா இருக்கமாட்டாள். கையில் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் நெற்றியில் பொட்டு வைத்து, நாளைக்கு எங்கள் வீட்டுப் பேரண்டத்துக்கு, சுமங்கலிகள் கூடும் மஞ்சள் குங்கும விசேஷத்துக்கு, வாருங்கள் என்று அழைப்பார்கள். பொட்டு வைத்து அழைத்துவிட்டால் பகையாளியும் வந்தாகவேண்டும். வந்தவளுக்குக் காலில் மஞ்சள் பூசி, வெற்றிலை பாக்கோடு ஊறவைத்த கடலையை வாயனமாகக் கொடுத்து அனுப்பியாகவேண்டும். இதில் இரண்டு பக்கமும் தட்ட முடியாது.

நாஞ்சாரம்மா அன்று பின்மதியம் பதினைந்து புடவைகளை உதறிக் காட்டினாள். தொண்டை கட்டியது. கண்ணின் பக்கத்தில் அதே ஒன்று. சீத்தம்மா. இமைக்காத முகம். சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிய வீட்டிலிருந்து, அரை மூச்சு பிந்தி அவள் குரல் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் இருமினால் அதுவும் இருமியது.

சந்தில் யாரோ சுஜனா வீட்டுக்கு வழி கேட்டுப் போனார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. சாமி மாடத்திலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவந்தாள். மோதிர விரலைத் தோய்த்தாள்.

"அக்கா, தங்கச்சிங்களா. நான் வீடு வீடா வரமுடியாது. இங்கேயிருந்தே பொட்டு வைக்கிறேன். இதை யாரு பாக்கறீங்களோ, எங்க இருந்து பாக்கறீங்களோ, எல்லாருக்கும் வைக்கிறேன். நாளைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்க வீட்டுப் பேரண்டத்துக்கு வாங்க. தட்டாதீங்க. என் பொண்ணுக்காகக் கேக்கறேன். வாங்க."

விரலை நீட்டி ஃபோனின் கண்ணாடியில் வைத்தாள். திரையில் அவள் முகம்தான் இருந்தது. பொட்டு அவள் நெற்றிக்குக் கொஞ்சம் பக்கத்தில், புருவத்தின் மேல் விழுந்தது. கண்ணாடி சில்லென்றிருந்தது. மதியம் பூராவும் அடுப்புக்கல்லாகக் கொதித்த ஃபோன்.

கண்ணுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒன்பதானது. நாற்பதானது. அவள் விரலை எடுப்பதற்குள் முந்நூற்றைத் தாண்டியது.

பேர்கள் கீழேயிருந்து மேலே ஓடின. பேரம்மா. வெங்காயம்மா. லட்சுமிகாந்தம். துளசம்மா. சுப்பரத்தினம். இந்தக் காலத்தில் எவளும் வைத்துக்கொள்ளாத பேர்கள். படிக்கப் படிக்க மூச்சு வாங்கியது. எவளும் விலை கேட்கவில்லை. ஒவ்வொரு பேருக்குக் கீழேயும் ஒரே வார்த்தை.

வர்றோம்.

வர்றோம்.

வர்றோம்.

சாயங்காலம் லாஸ்யா காலேஜிலிருந்து வந்து ஃபோனைப் பார்த்ததும் குதித்தாள். "அம்மா! பத்தாயிரம் பேரு ஃபாலோ பண்றாங்க! என்னம்மா பண்ணே? டான்ஸ் ஆடினியா?"

"உங்கப்பன் கல்யாணத்துலயே நான் ஆடலை."

மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஷாம்பூ வாசனை. மிளகாய் ஏறாத கூந்தல். நாஞ்சாரம்மா அந்தத் தலையைக் கொஞ்சநேரம் விடவில்லை.

உள்ளேயிருந்து ஆஞ்சநேயுலு கேட்டான், "எங்கே, நானும் பாக்கறேன்." லாஸ்யா ஃபோனைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் எண்ணைப் பார்க்கவில்லை. கட்டை விரலால் கண்ணாடியைத் தேய்த்தான்.

"இதென்னடி, உன் மூஞ்சி மேல கண்ணாடிக்குப் பொட்டு வச்சிருக்கே? செத்தவ போட்டோவுக்கு வைக்கிற மாதிரி."

"கூப்பிட்டதுக்கு வச்சேங்க. துடைச்சிடுங்க."

"துடைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். போகமாட்டேங்குது."

அன்று சோறாக்கியபோது, அடுப்பில் கொதி அடங்கிய நிமிஷத்தில், புருஷன் சொன்ன அந்த வார்த்தை அவளுக்குத் திரும்ப வந்து உறைத்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். சீத்தம்மாவின் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். பொட்டு நெற்றியில் இல்லை. முகத்துக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியில் இருந்தது. கொஞ்சம் வழிந்திருந்தது. கண்ணாடியின் ஓரத்தில் சட்டம் தெரிந்தது. சட்டத்தில் காய்ந்த சாமந்தி மாலையின் நுனி.

அடுத்த படம். அதிலும் கண்ணாடி.

அதற்கடுத்தது. அதிலும்.

சிலதில் குங்குமம் புதுசு. சிலதில் வருஷக்கணக்காக ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, முகமே தெரியாமல் அடையாகக் காய்ந்திருந்தது. அவள் தள்ளிக்கொண்டே போனாள். தீரவில்லை. எல்லோரும் நெற்றி நிறையப் பொட்டும் தலை நிறையப் பூவுமாக, கட்டுக்கழுத்தியாகவே போய்ச் சேர்ந்தவர்கள். ஓரிடத்தில் விரல் நின்றது.

ரமணம்மா. ஆதார் அட்டைக்கு எடுத்த படம். செத்த அன்று அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். கூலிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்துதான் போட்டார்கள். அந்தக் கண்ணாடியில் பொட்டு வைத்ததே நாஞ்சாரம்மாவின் விரல்தான்.

கீழே எழுதியிருந்தது: வர்றேன்டி நாஞ்சாரி. இடம் போட்டு வை.

கணக்கையே அழித்துவிடும் வழி அவளுக்குத் தெரியும். தவறான ஃபோட்டோ போட்ட ஒரு நாள் லாஸ்யா காட்டியிருந்தாள். தேடிப் பிடித்தாள். நிச்சயமாகவா என்று கேட்டது. விரலைப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

அப்போது ஃபோன் ஒலித்தது. தெனாலியிலிருந்து ஒருத்தி. உயிருள்ள குரல், பின்னால் குக்கர் விசில், குழந்தை அழுகை. "அக்கா, உங்க பக்கத்துல கூட்டம் பாத்து நம்பிக்கையா இருக்கு. அந்தப் பச்சை மங்களகிரி மூணு எடுத்து வைங்க." அவள் வைப்பதற்குள் விஜயவாடா. அதற்குப் பின்னால் ஏலூரு. கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம் வந்துகொண்டிருந்தது.

உள்ளே லாஸ்யா பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளை விரலால் வரிக்கு வரி தொட்டுத் தொட்டு.

நாஞ்சாரம்மா அந்தக் குரலைக் கேட்டாள். செத்தவளாக இருந்தால் என்ன? சோறு கேட்கிறாளா, விலை பேசுகிறாளா? உயிரோடு இருக்கிற எவளும் எட்டிப் பார்க்காத கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆள் ஆள்தான். அழிக்க வேண்டாம் என்று தொட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். கடலையை எடுத்து ஊறப்போட்டாள். முதலில் இரண்டு கை அள்ளினாள். யோசித்து, பானையில் இருந்த அத்தனையையும் கொட்டினாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவளுக்கு உட்கார நேரமில்லை. ஆர்டர் எழுதி, புடவை மடித்து, உறையில் போட்டு ஒட்டி, மூட்டையில் பாதிக்கு மேல் காலியானது. சாமி மாடத்துக்குக் கோலம் போட்டு, செம்பில் தேங்காய் வைத்து, அதற்கு ஒரு புதுப் புடவையைச் சுற்றினாள். லாஸ்யா பாவாடை தாவணி கட்டிக்கொண்டு, அம்மாவுக்குப் பதிலாகத் தானே லைவில் உட்கார்ந்தாள். பூஜையைக் காட்டிக்கொண்டே விற்கலாம் என்றாள். எண் ஐம்பதாயிரத்தை நெருங்கியிருந்தது.

பொழுது சாய்ந்தது. சந்தின் வெளிச்சம் மிளகாய்த்தூள் நிறமாகிக் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. விளக்கின் திரியைத் தூண்டி ஏற்றினாள். முதல் ஆளாக ஆதெம்மா வந்தாள், நல்ல புடவை கட்டி, நகத்துச் சிவப்பை மறைக்க மருதாணி வைத்துக்கொண்டு.

"திங்கக்கிழமை என்னடி சொல்ல?"

"எங்க வீட்டுப் பொண்ணு வராதுன்னு சொல்லு."

"அடி சக்கை! வாயைப் பாரு. பணக்காரி ஆயிட்டே." ஆதெம்மா பாதத்தை நீட்டினாள். வெடித்த குதிகால், சூடான, அழுக்கான, உயிருள்ள கால். நாஞ்சாரம்மா அதற்கு ஆசையாக மஞ்சள் பூசினாள். கடலையும் ரவிக்கைத் துண்டும் வாங்கிக்கொண்டு ஆதெம்மா எழுந்தாள்.

"இன்னும் கொஞ்சம் இரேன் வதினா."

"உன் வீட்ல மூச்சு முட்டுது. ஜன்னலைத் திறந்து வை."

வாசலில் யாரும் இல்லை. ஆனால் ஆதெம்மா நிலைப்படிக்குப் போனதும் உடம்பை ஒருக்களித்தாள். தோளைக் குறுக்கி, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, திருவிழா நெரிசலுக்குள் நுழைகிறவளைப்போல ஓரமாக நுழைந்து வெளியே போனாள். தான் அப்படிப் போனது அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

மஞ்சள் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நாஞ்சாரம்மா காலி வாசலைப் பார்த்தாள்.

சந்தில் யாரோ இருமினார்கள். அந்த ஊரில் இருமலை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இன்னொரு இருமல். அதற்குப் பின்னால் இன்னொன்று. பெண்களின் இருமல். அடியிலிருந்து வறண்டு, காற்றே இல்லாமல் வருகிற இருமல். சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், வரிசையாக. அதனூடே கண்ணாடி வளையல்கள் மெல்ல உரசும் சத்தம். வாடிய சாமந்தியும், மூடியே கிடந்த அறையும், ஊதுவத்திச் சாம்பலும் கலந்த ஒரு வாடை மிளகாய் நெடியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. விளக்குச் சுடர் காற்றில்லாமல் சாய்ந்தது.

"யாருடி இத்தனை பேரு இருமறது?" உள் அறையிலிருந்து ஆஞ்சநேயுலு.

அவள் குனிந்தாள். கோலத்தின் மேல், அவள் முழங்காலுக்கு முன்னால், ஒரு ஜோடிப் பாதம் இருந்தது.

நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. புடவைக் கரை தெரிந்தது. புதுப் புடவை, பிரித்த மடிப்புகூட இன்னும் விறைப்பாக. பாதம் ஏற்கெனவே மஞ்சளாக இருந்தது, பழைய மஞ்சள், தோலோடு காய்ந்த மஞ்சள். இரண்டு பாதமும் ஒட்டியபடி நீண்டிருந்தன. அவள் கை தானாகப் போய்த் தொட்டது. குளிர்கிடங்கின் உள் சுவரைத் தொட்டதுபோல் இருந்தது.

பெருவிரல் இரண்டும் வெள்ளைத் துணிக்கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தது.

அவள் பூசினாள். கூப்பிட்டது அவள்தான். கயிற்றின் மேலேயே பூசினாள். வெற்றிலையை நீட்டினாள். கை வந்து வாங்கிக்கொண்டது. அந்தப் பாதம் நகர்ந்தது. அடுத்த பாதம் வந்தது.

கட்டிய விரல்கள்.

அடுத்தது.

கட்டிய விரல்கள். இந்தக் கால் அவளுக்குத் தெரியும். சுண்டுவிரலில் மூட்டை விழுந்து நசுங்கிய நகம். தலைக்கு மேலே காற்றில்லாத குரல் ஒன்று நெருங்கியது.

"இடம் போட்டு வச்சியே. நல்லவடி நீ."

மஞ்சள் சிந்தியது. அவள் பூசினாள்.

வாயனம் வாங்கியவர்கள் வெளியே போகவில்லை. அதுதான் அவளுக்குக் கடைசியில் உறைத்தது. புடவைக் கரைகள் வாசல் பக்கம் திரும்பவில்லை. அவளைச் சுற்றி, சின்னச் சின்னத் தத்தலாக, கட்டிய கால்களால் அறையின் மறுபக்கம் போய்க்கொண்டிருந்தன. லாஸ்யா உட்கார்ந்திருந்த பக்கம்.

பேரண்டத்துக்கு வந்தவள் வெறும் கையோடு திரும்பமாட்டாள். நீயும் எங்கள் வீட்டுக்கு வா என்று பதிலுக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் போவாள். தட்ட முடியாது.

நாஞ்சாரம்மா நிமிர்ந்தாள்.

வட்ட விளக்கின் வெளிச்சத்தில் லாஸ்யா ஃபோனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் அறையில் இடமே இல்லை. வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தார்கள். ஒரு விரல் நீண்டது. அவள் நெற்றியில் ஒரு பொட்டு. எண் ஏறியது.

"வாங்கக்கா, துளசம்மா அக்கா, வாங்க!"

இன்னொரு விரல். இன்னொரு பொட்டு.

"லாஸ்யா!" குரல் வரவில்லை. இருமல் வந்தது. மறுபடியும் முயன்றாள். "நிறுத்துடி! லைவை நிறுத்து!"

"இப்பப் போயா? அம்மா, லட்சத்தைத் தொடப்போகுதும்மா!" அவள் திரும்பக்கூட இல்லை. கொசுவை ஓட்டுவதுபோல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். குங்குமம் புருவத்தில் இழுபட்டது. "சுப்பரத்தினம் அக்கா, வாங்க! பேரம்மா அக்கா, வாங்க வாங்க!"

எழவேண்டும். போய் அந்த ஃபோனைப் பிடுங்கி அடிக்கவேண்டும். கால் அசையவில்லை. மடியில் கனத்தது. பார்த்தாள். மடியின் மேல் பாதங்கள். ஒரு ஜோடி. அதன் மேல் இன்னொரு ஜோடி. வாசல் வழியாக இன்னும் வந்துகொண்டிருந்தன. கை மஞ்சளைத் தொட்டது. பூசியது. தொட்டது. பூசியது.

"எங்க வீட்டுக்கும் வரணும்," என்றது ஒரு குரல், மகளின் காதருகே.

"கண்டிப்பா வர்றேங்க்கா!" என்றாள் லாஸ்யா, ஃபோனைப் பார்த்து.

விரல்.

விரல்.

நெற்றி தெரியவில்லை. குங்குமம் மூக்கின் மேல் இறங்கியது. கன்னத்தில் அடை கட்டியது. ஒன்றின் மேல் ஒன்றாக. இமை மூடிய இடத்தில் இரண்டு சிவப்புக் குழி. திரையில் எண் ஓடியது, படிக்க முடியாத வேகத்தில். நாஞ்சாரம்மாவுக்கு முன்னால் இன்னும் வரிசை. வாசலைத் தாண்டி. சந்தைத் தாண்டி.

அந்தச் சிவப்புக்குள் வாய் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"வாங்கக்கா... வாங்க... உள்ள வாங்க..."